பாபி டேபிள்ஸும் பச்சை மிட்டாயும்

ஜோக்கை விளக்கினால் ஜோக் செத்துவிடும் என்பார்கள். வார இதழில் பக்கத்தின் ஓரத்தை நிரப்ப வரும் துணுக்குகளுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் எக்ஸ்கேசிடி என்ற வெப்காமிக்கைப் பொறுத்தவரை நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அதில் சிரிப்பு உட்கார்ந்திருப்பதே விளக்கத்துக்குள்தான். ஒரு இயந்திரம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவருக்கு மட்டும் சிரிப்பு வரும்; தெரியாதவருக்கு அதைக் காட்டிக்கொடுத்தால் அவரும் அதே அளவு சிரிப்பார், கூடவே ஒரு விஷயத்தையும் கற்றுக்கொண்டு போவார். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக ஒரு அறிமுகம். இதை வரைபவர் ராண்டால் மன்ரோ. 1984ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர், இயற்பியல் படித்தவர், வர்ஜீனியாவில் இருக்கும் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் ரோபோக்கள் சம்பந்தமான ஒப்பந்த வேலையில் இருந்தவர். கல்லூரி நோட்டுகளில் கிறுக்கி வைத்திருந்த படங்களை 2005 செப்டம்பரில் ஸ்கேன் செய்து இணையத்தில் போட ஆரம்பித்தார். 2006 கடைசியில் நாசா ஒப்பந்தம் முடிந்த பிறகு இதுவே அவருக்கு முழுநேர வேலையாகிவிட்டது. வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று படங்கள். எல்லாமே குச்சி மனிதர்கள். கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது. முகமே இல்லாததால் படத்தில் நடிப்புக்கு இடமில்லை, ஜோக் முழுக்க முழுக்க சொல்லிலும் தர்க்கத்திலும் நிற்க வேண்டும். படத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோய் வைத்தால் மறைந்திருக்கும் இன்னொரு வரி எட்டிப்பார்க்கும். பல நேரங்களில் இரண்டாவது வெடி அங்கேதான் இருக்கும்.

எங்கள் டீமில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டும் படம் எண் 327. 2007 அக்டோபரில் வந்தது. கதை இதுதான்: பள்ளியிலிருந்து ஒரு அம்மாவுக்கு போன் வருகிறது. பள்ளிக் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறாம். பையன் எதையாவது உடைத்துவிட்டானோ என்று அம்மா பதறுகிறார். ஒரு வகையில் அப்படித்தான் என்று பள்ளி இழுக்கிறது. பிறகு, நிஜமாகவே மகனுக்கு இந்தப் பெயரைத்தான் வைத்தீர்களா என்று கேட்கிறது. அந்தப் பெயர்:

ராபர்ட்'); டிராப் டேபிள் ஸ்டூடன்ட்ஸ்;--

ஆமாம், வீட்டில் குட்டி பாபி டேபிள்ஸ் என்று கூப்பிடுவோம் என்கிறார் அம்மா. இந்த வருடத்து மாணவர் பதிவுகள் மொத்தமும் போய்விட்டன, இப்போது சந்தோஷமா என்று பள்ளி கேட்க, டேட்டாபேஸுக்குள் போவதைச் சுத்தம் செய்து அனுப்ப வேண்டும் என்று நீங்களும் கற்றுக்கொண்டிருப்பீர்கள் என்று அம்மா நிதானமாகப் பதில் சொல்கிறார்.

இதில் சிரிப்பு எங்கே வருகிறது? பெயரை எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். பள்ளியின் மென்பொருள் மாணவர் பெயரை டேட்டாபேஸில் ஏற்ற ஒரு கட்டளையைத் தயாராக வைத்திருக்கும்: 'மாணவர் பட்டியலில் இதைச் சேர்' என்று சொல்லி, ஒரு அடைப்புக்குறி, ஒரு மேற்கோள் குறி, நடுவில் காலி இடம், மறுபடி மேற்கோள் குறி, அடைப்புக்குறி. காலி இடத்தில் வந்த பெயரை அப்படியே ஒட்டிவிடும். சாதாரண ராபர்ட் வந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. நம் பாபியின் பெயரில் ராபர்ட்டுக்கு அடுத்து ஒரு மேற்கோள் குறி இருக்கிறது. பெயர் அங்கே முடிந்துவிட்டதாக கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். அடுத்து வரும் அடைப்புக்குறி, கட்டளையின் அடைப்பை மூடுகிறது. அரைப்புள்ளி, முதல் கட்டளை முடிந்தது என்கிறது. அதற்குப் பின்னால் வருவது இனி பெயரே இல்லை, புத்தம் புதிய இரண்டாவது கட்டளை: மாணவர் பட்டியலை மொத்தமாக அழித்துவிடு.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் இருக்கும் அந்த இரண்டு சிறு கோடுகள். பெயரை ஒட்டிய பிறகு பழைய கட்டளையின் மேற்கோள் குறியும் அடைப்புக்குறியும் வாலில் மிச்சமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அவை அப்படியே கிடந்தால் இலக்கணப் பிழை என்று டேட்டாபேஸ் புகார் சொல்லும். இரண்டு கோடு போட்டால், 'இதற்கப்பால் இருப்பது குறிப்பு, படிக்காதே' என்று பொருள். அந்த அம்மா பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதே வாலைக்கூட யோசித்து நறுக்கியிருக்கிறார்! தொழில் தெரிந்தவர்கள் பெயரைப் பார்த்ததும் சிரிப்பார்கள், வாலைப் பார்த்ததும் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

இது வெறும் கற்பனை கிடையாது. இந்த வகைத் தாக்குதலுக்கு எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்று பெயர். 1998லேயே ஹேக்கர்களின் இதழான ஃபிராக்கில் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். 2015ல் பிரிட்டனின் டாக்டாக் நிறுவனத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேலான வாடிக்கையாளர்களின் விவரங்கள் களவுபோனது இதே வழியில்தான். நான்கு லட்சம் பவுண்டு அபராதம் கட்டினார்கள். 2016 டிசம்பரில் இன்னொரு வேடிக்கை நடந்தது. பிரிட்டனின் நிறுவனப் பதிவேட்டில் ஒருவர், பட்டியலை அழிக்கும் இதே மாதிரிக் கட்டளையையே பெயராக வைத்து ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். பதிவேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் பாபியின் அம்மாவின் பேச்சைக் கேட்டவர்கள்.

மன்ரோ இங்கே யாரைக் கிண்டல் செய்கிறார் என்பதுதான் முக்கியம். விசித்திரமாகப் பெயர் வைத்த அம்மாவை அல்ல. மனிதர்களின் பெயர் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்று நம்பி மென்பொருள் எழுதியவரை. அந்த நம்பிக்கையின் சூடு நம் ஆட்களுக்கு நன்றாகவே தெரியும். அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்துக்கொண்டு, குடும்பப்பெயர் என்ற ஒன்றே இல்லாமல் வாழும் தமிழர்கள், கடைசிப் பெயர் கட்டாயம் என்று அடம்பிடிக்கும் விண்ணப்பங்களோடு எவ்வளவு மல்லுக்கட்டுகிறார்கள்! பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அது குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் முழுசாக எதிரே இருக்கும்போதே இப்படி. பாபியின் அம்மா மேல் எனக்கு இவ்வளவு பிரியம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து எண் 882. 2011 ஏப்ரல். என்னைக் கேட்டால் மன்ரோ வரைந்ததிலேயே மிகக் கூர்மையான அங்கதம் இதுதான்.

ஜெல்லி பீன்ஸ் மிட்டாய் தின்றால் முகப்பரு வரும் என்று ஒருத்தி ஓடிவந்து சொல்கிறாள். விஞ்ஞானிகளே, ஆராயுங்கள்! மைன்கிராஃப்ட் விளையாடிக்கொண்டிருக்கும் விஞ்ஞானிகள் முணுமுணுத்துக்கொண்டே போய் ஆராய்கிறார்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. குறிப்பிட்ட ஒரு நிறம் மட்டும்தான் காரணமாம் என்று அடுத்த பேச்சு கிளம்புகிறது. அதையும் ஆராய்கிறார்கள். அதன் பிறகு சின்னச் சின்னக் கட்டங்களாக இருபது படங்கள் வரிசையாக வருகின்றன. ஊதாவுக்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை, பழுப்புக்கும் சம்பந்தமில்லை, இளஞ்சிவப்புக்கும் சம்பந்தமில்லை. ஒரே வாக்கியம், ஒரே உருவம், நிறத்தின் பெயர் மட்டும் மாறுகிறது. நடுவில் ஒரே ஒரு கட்டத்தில், பச்சைக்கும் பருவுக்கும் சம்பந்தம் இருக்கிறது! படத்துக்கு வெளியே யாரோ வியந்து கூவுகிறார்கள். அடுத்த கட்டத்திலிருந்து பழையபடி சம்பந்தமில்லை, சம்பந்தமில்லை. கடைசியில் ஒரு செய்தித்தாளின் முதல் பக்கம்: பச்சை ஜெல்லி பீன்ஸால் முகப்பரு, 95 சதவீதம் உறுதி, தற்செயலாக இருக்க வாய்ப்பு 5 சதவீதம்தான்!

பலரும் அந்த இருபது கட்டங்களைத் தாண்டிக் குதித்துக் கடைசிக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து குதிக்காதீர்கள், ஜோக்கே அங்கேதான் இருக்கிறது. புள்ளியியலில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு விஷயங்களுக்கு உண்மையில் சம்பந்தமே இல்லாவிட்டாலும், சும்மா தற்செயலாகவே சம்பந்தம் இருப்பது போல ஒரு முடிவு கிடைக்கலாம். அப்படிக் கிடைக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் முடிவை நம்பலாம் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரொனால்ட் ஃபிஷர் 1925ல் எழுதிய புத்தகத்தின் வழியாகப் பரவிய எல்லைக்கோடு இது. 5 சதவீதம் என்றால் இருபதில் ஒன்று. மன்ரோ எத்தனை நிறங்களைச் சோதிக்கவைத்தார்? சரியாக இருபது. எந்த நிறத்துக்கும் பருவோடு சம்பந்தமே இல்லாவிட்டாலும், இருபது தடவை சோதித்தால் ஒரு தடவையாவது பொய்யான 'ஆமாம்' கிடைக்கும் வாய்ப்பு 64 சதவீதம். கணக்குப் போடுவதும் எளிது: 0.95ஐ இருபது முறை தன்னோடு தானே பெருக்கி, வருவதை ஒன்றிலிருந்து கழியுங்கள். விஞ்ஞானி பொய் சொல்லவில்லை, செய்தித்தாளும் எண்ணைத் திரிக்கவில்லை. மீதிப் பத்தொன்பது கட்டங்களை மட்டும் வாசகரிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நமக்கு மன்ரோ இருபதையும் வரைந்து காட்டுகிறார். அதனால் நமக்குச் சிரிப்பு வருகிறது, அந்தச் செய்தித்தாளை வாங்கியவருக்கு பயம் வருகிறது.

மறைந்திருக்கும் வரியில் இன்னொரு அடி. பச்சையை மறுபடி சோதித்தோம், சம்பந்தம் கிடைக்கவில்லை என்று விஞ்ஞானி இழுக்கிறார். முடிப்பதற்குள் பத்திரிகை பாய்கிறது: பச்சை மிட்டாய் ஆய்வில் முரண்பாடு, மேலும் ஆராய வேண்டும்!

அதே 2011 கடைசியில் சிமன்ஸ், நெல்சன், சைமன்சோன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பீட்டில்ஸின் ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டவர்களின் வயதே ஏறக்குறைய ஒன்றரை வருடம் குறைந்தது என்று வழக்கமான புள்ளியியல் முறைகளை வைத்தே 'நிரூபித்து'க் காட்டியிருந்தார்கள். எதைச் சோதித்தோம் என்பதை எல்லாம் சொல்லாமல் தேவையானதை மட்டும் பொறுக்கிக் காட்டினால் எதையும் நிரூபிக்கலாம் என்று அம்பலப்படுத்துவதுதான் நோக்கம். 2015ல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் செய்தியாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். பதினைந்து பேரிடம் பதினெட்டு விஷயங்களை அளந்து, அதில் தற்செயலாகத் தேறியதை எடுத்து, சாக்லேட் தின்றால் எடை சீக்கிரம் குறையும் என்று ஒரு கட்டுரை வரவைத்தார். பல நாட்டுப் பத்திரிகைகள் அதை விழுந்தடித்துக்கொண்டு பிரசுரித்தன. பச்சை மிட்டாய் கதை அச்சு அசலாக நடந்தது.

நாளிதழைத் திறந்தால் காபி நல்லது என்று ஒரு நாள், கெட்டது என்று ஒரு நாள் செய்தி வருகிறதல்லவா? எத்தனை கட்டங்களை நமக்குக் காட்டாமல் விட்டார்கள் என்று கேட்கும் பழக்கம் எனக்கு இந்தப் படத்திலிருந்துதான் வந்தது. பள்ளிப் புத்தகத்திலேயே இதைச் சேர்க்கலாம் என்பது என் ஆசை.

எண் 221 மிகச் சிறியது. ஒரு ரேண்டம் எண்ணைக் கொடுக்க வேண்டிய நிரல். உள்ளே ஒரே வரி: 4 என்று திருப்பிக் கொடு. பக்கத்தில் குறிப்பு, நேர்மையாகத் தாயம் உருட்டி எடுத்த எண், ரேண்டம்தான் என்பதற்கு உத்தரவாதம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. தாயத்தில் கோளாறில்லை, நான்கு விழுந்ததும் தற்செயல்தான். ஆனால் ஒரு தடவை உருட்டியதையே ஆயுசுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தால்? 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில், பிளேஸ்டேஷன் 3ன் பாதுகாப்பை உடைத்ததை ஒரு குழு விளக்கியது. ஒவ்வொரு டிஜிட்டல் கையெழுத்துக்கும் புதிதாக எடுக்க வேண்டிய ரகசிய எண்ணை சோனி எல்லா இடத்திலும் ஒரே எண்ணாக வைத்திருந்தது. இரண்டு கையெழுத்துகளை வைத்துச் சாதாரண இயற்கணிதத்தில் சாவியைக் கறந்துவிடலாம். சோனியின் நிரல் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவர்கள் திரையில் காட்டியது மன்ரோவின் அந்தப் படத்தைத்தான்.

கடவுச்சொல் படமான 936ஐ நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். அகராதியில் இருக்கும் ஒரு வார்த்தை, அதில் சில எழுத்துகளுக்குப் பதில் எண், வாலில் ஒரு குறி என்று விதிப்படி நாம் உருவாக்கும் கடவுச்சொல், விநாடிக்கு ஆயிரம் தடவை முயலும் கம்ப்யூட்டரிடம் மூன்று நாள்தான் தாங்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு எளிய சொற்களைச் சேர்த்தால் 550 வருடம். படத்தில் குட்டிக் குட்டிச் சதுரங்களாக அந்தக் கணக்கையும் வரைந்திருக்கிறார். 2,048 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுத்தால் 11 பிட், நான்குக்கு 44. ஒவ்வொரு பிட்டும் தேடும் வேலையை இரண்டு மடங்காக்குகிறது. இதில் பலரும் கோட்டைவிடுவது ஒன்று உண்டு: சொற்களை நாமாக யோசித்து எடுக்கக்கூடாது, குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். மனதுக்குப் பிடித்த நான்கு சொற்களை எடுத்தால் அந்தக் கணக்கு செல்லாது. எழுத்து, எண், குறி எல்லாம் கலக்கச் சொன்ன அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு வழிகாட்டியை எழுதிய பில் பர், 2017ல் அதற்காக வருந்துவதாகப் பேட்டியே கொடுத்தார். அதே வருடம் நிறுவனமும் அந்த விதியைக் கைவிட்டது. நம் ஊர் இணையதளங்கள் பலவற்றுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை என்பதில் எனக்கு நிஜமான வருத்தம் உண்டு.

2020 ஆகஸ்டில் வந்த 2347ஐப் பார்த்துச் சிரித்தவர்கள் பிறகு சிரிக்காமல் பார்த்தார்கள். கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒரு கோபுரம். இன்றைய டிஜிட்டல் உலகம் மொத்தமும் அதன் மேல் நிற்கிறது. அடியில் பக்கவாட்டில் ஒரு மெல்லிய குச்சிக்கட்டை முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. அது, நெப்ராஸ்காவில் யாரோ ஒருவர் 2003லிருந்து ஒரு நன்றிகூட வாங்காமல் பராமரித்து வரும் ஒரு மென்பொருளாம்.

2024 மார்ச்சில் அந்தக் குச்சியை உருவப் பார்த்தார்கள். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய இலவச மென்பொருள். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருக்கும். பின்லாந்தைச் சேர்ந்த ஒருவர் சம்பளமில்லாமல், மனம் களைத்த நிலையிலும் அதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் யாருக்கும் தெரியாமல் ஒரு கள்ளக்கதவை உள்ளே வைத்துவிட்டார். மைக்ரோசாஃப்ட்டில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், தன் சோதனைக் கம்ப்யூட்டரில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டிப்போய் அந்தக் கதவைக் கண்டுபிடித்தார். பெரும்பாலான சர்வர்களுக்குப் பரவுவதற்குள் பிடிபட்டது. அரை விநாடியைப் பொருட்படுத்தாமல் ஒருவர் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அந்த வாரம் எங்கள் துறையில் இருக்கும் எல்லோரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டது இந்தக் கோபுரப் படத்தைத்தான். நீளமான கட்டுரை எதுவும் எழுதாமலே எங்கள் மேலாளர்களுக்கு நிலைமை புரிந்தது.

சில ஜோக்குகளுக்கு வயதாகிவிடுகிறது, அவற்றுக்கும் விளக்கம் தேவைப்படுகிறது. 2014 செப்டம்பரில் வந்த 1425ல், பயனர் படம் எடுத்த இடம் தேசியப் பூங்காவா என்று கண்டுபிடிக்கும் வசதி கேட்கிறார்கள். இதோ, சில மணி நேரம் போதும் என்கிறார் நிரலாளர். படத்தில் இருப்பது பறவையா என்றும் கண்டுபிடிக்க வேண்டும் என்றதும், அதற்கு ஒரு ஆராய்ச்சிக் குழுவும் ஐந்து வருடமும் வேண்டும் என்கிறார். எது சுலபம், எது கஷ்டம் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரியவைக்கவே முடியாது என்பதுதான் அன்றைய சிரிப்பு. அடுத்த மாதமே ஃபிளிக்கர் நிறுவனம் பூங்காவா பறவையா என்று சொல்லும் ஒரு தளத்தைச் செய்து காட்டியது. இன்றைக்குப் பள்ளிப் பிள்ளையின் கைப்பேசி பறவையின் இனத்தையே சொல்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டினால், இதில் என்ன கஷ்டம் என்று கேட்கிறார்கள். அப்போது நான் பறவையை விட்டுவிட்டு, 2014ல் உலகம் எங்கே நின்றது என்பதைச் சொல்ல ஆரம்பிக்கிறேன்.

இப்படிக் கேட்பவர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கும் மன்ரோ ஒரு படம் போட்டிருக்கிறார். எண் 1053, 2012 மே. அமெரிக்காவில் அப்போது வருடத்துக்குச் சுமார் நாற்பது லட்சம் குழந்தைகள் பிறந்தன. எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை முப்பது வயதுக்குள் எல்லோரும் எப்படியும் தெரிந்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அதை முதன்முறையாகக் கேள்விப்படுபவர்கள் தினமும் சுமார் பத்தாயிரம் பேர் அங்கே இருப்பார்கள். டயட் கோக்கில் மென்டோஸ் போட்டால் என்ன ஆகும் என்று தெரியாத ஒருத்தி அந்தப் படத்தில் வருகிறாள். இதுகூடத் தெரியாதா என்று கேட்காமல், வா கடைக்குப் போகலாம் என்று உற்சாகமாக அழைத்துப்போகிறார்கள். அங்கதம் எழுதுபவர்களில் இந்த அன்பு உள்ளவர்கள் குறைவு. மன்ரோவை நான் இத்தனை வருடம் விடாமல் படிப்பது இதற்காகத்தான்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் 1053, 327, 882 என்ற வரிசையில் போங்கள். கைப்பேசியில் மவுஸ் இல்லாததால் மறைந்திருக்கும் வரி தெரியாது; மொபைலுக்கான பக்கத்தில் அதற்கென்றே ஒரு சுட்டி இருக்கிறது, அதைத் தட்ட மறக்காதீர்கள். 1190 பற்றி இங்கே நான் வாயே திறக்கவில்லை. 2013 மார்ச்சில் தொடங்கி நான்கு மாதம், முதலில் அரை மணிக்கு ஒன்று, பிறகு மணிக்கு ஒன்று என 3,099 படங்களாக விரிந்து, அடுத்த ஆண்டு ஹியூகோ விருதும் வாங்கிய கதை அது. அதில் வரும் இரவு வானத்து நட்சத்திரங்களை வைத்தே, கதை நடப்பது இன்னும் சுமார் 11,000 வருடம் கழித்து என்று வாசகர்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அடுத்த பதிவில் எழுதுகிறேன். அதற்குள் யாராவது அந்த 3,099 படங்களையும் பார்த்து முடித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.